ஆளுக்கு 150 ரூபாயில் ஒரு பட்டணப் பிரவேசம்

சிநேகிதர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சென்னைப் பட்டணத்தில் கழிப்பதற்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று இன்றைய வாலிபர் ஒருவரைக் கேட்டால், எந்த மால், எந்தச் சினிமா, எந்த ஓட்டல் என்று அவர் எதிர்க்கேள்வி போட்டுவிட்டு, டிக்கெட்டுக்கு இவ்வளவு, சோளப்பொரிக்கு அதைவிட அதிகம், காப்பிக்கு இவ்வளவு, வாடகைக் காருக்கு இவ்வளவு என்று விரல் மடக்கிக்கொண்டே போய், ஆளுக்கு 1,500 ரூபாயாவது இல்லாமல் வீட்டை விட்டுப் புறப்படுவது புத்திசாலித்தனமாகாது என்று தீர்ப்புச் சொல்லுவார். அவர் கணக்கில் பிழை இல்லை. அவர் சொல்லும் இடங்களுக்குப் போகிறவர்களுக்கு அவ்வளவு செலவு ஆகத்தான் செய்யும். ஆனால் அந்த இடங்கள் சென்னையில் இருக்கின்றனவே தவிர, சென்னைக்கு உரியவை என்று சொல்ல முடியாது. அதே குளிர்ச்சியும் அதே வெளிச்சமும் அதே கடைப் பெயர்களும் எந்தப் பெரிய ஊரிலும் கிடைக்கும். இந்தப் பட்டணத்துக்கென்றே உள்ள விசேஷங்கள் எவையோ அவை பெரும்பாலும் இனாமாகவோ, இனாமுக்கு அடுத்த படியிலோ இருக்கின்றன என்பதும், அவற்றைக் காலை முதல் இரவு வரை அனுபவிக்க ஆளுக்கு 150 ரூபாய் போதும் என்பதும் என் அபிப்பிராயம்.

சிக்கனத்தைப் பற்றி உபதேசம் செய்வது என் நோக்கமன்று. பணம் உள்ளவர்கள் செலவழிக்கட்டும். அதனால் நாலு குடும்பங்கள் பிழைக்கின்றன. நான் சொல்ல வருவது சிநேகத்தைப் பற்றியது. கல்லூரியில் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர்கள், பத்து வருஷம் கழித்து வெவ்வேறு சம்பளம் வாங்குகிறவர்களாகிவிடுகிறார்கள்: ஒருவன் மென்பொருள் கம்பெனியில் பெரிய உத்தியோகஸ்தன், ஒருவன் தனியார் பள்ளியில் வாத்தியார், ஒருவனுக்கு வேலை போய்ச் சில மாதங்களாகின்றன, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பணம் தண்ணீராய்ச் செலவாகிற இடத்துக்கு இவர்கள் சேர்ந்து போனால், கையில் உள்ளவன் எல்லோருக்குமாகக் கொடுத்துவிட்டுத் தாராள மனசுக்காரன் என்று பெயர் எடுக்கிறான். கையில் இல்லாதவன் அன்றைக்குச் சிரித்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த தடவை கூப்பிடும்போது, ஊரில் இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறான். சண்டை சச்சரவு ஒன்றுமே இல்லாமல் இப்படிக் கரைந்துபோன சிநேகிதக் கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். செலவுக்கு முதலிலேயே வரம்பு கட்டிவிட்டால் இந்தச் சங்கடத்துக்கு இடமில்லை. உபகாரம் செய்தவனும் இல்லை, உபகாரம் பெற்றவனும் இல்லை.

எங்கள் கூட்டத்தில் இதற்கு ஒரு சம்பிரதாயமே உண்டு. புறப்படும்போது ஆளுக்கு 150 ரூபாய் ஒருவனிடம் கொடுத்துவிட வேண்டும். அன்று முழுவதும் அவன்தான் பொக்கிஷதார். இப்போதெல்லாம் பணம் போனிலிருந்து போனுக்குப் போய்விடுகிறது என்றாலும் பொக்கிஷதாரின் அதிகாரம் சிறிதும் குறைந்துவிடவில்லை. 'விடுடா, நான் குடுக்கறேன்' என்று எவனாவது பர்ஸை எடுத்தால் அவனுக்கு அடுத்த வேளை டீ கிடையாது என்பது சட்டம். புத்தகம் வாங்குவது மாத்திரம் இந்த விதிக்குப் புறம்பானது, அது அவரவர் பாவபுண்ணியம். ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் கூட்டத்தார் பொக்கிஷதாரோடு மன்றாடுவதும், அவன் நிதி மந்திரியின் கம்பீரத்தோடு மறுப்பதும், எந்தச் சினிமாவிலும் கிடைக்காத ஹாஸ்யம்.

பிரயாணத்தை மின்சார ரயிலில் ஆரம்பிப்பதுதான் உசிதம். தாம்பரத்துக்கும் கடற்கரை நிலையத்துக்கும் இடையே 1931-ஆம் வருஷத்திலிருந்து ஓடுகிற இந்த ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் இன்றைக்கும் 5 ரூபாய். பட்டணத்தில் ஒரு கிளாஸ் டீயே பல இடங்களில் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விற்கிறது. பஸ்ஸிலும் வெள்ளைப் பலகை போட்ட சாதாரண வண்டியாகப் பார்த்து ஏறினால் 5 ரூபாயிலிருந்துதான் டிக்கெட். 2021-ஆம் வருஷம் மே மாதத்திலிருந்து அந்த வண்டிகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. கூட்டத்தில் பெண்கள் இருந்தால் பொக்கிஷதார் அவர்களை எவ்வளவு மரியாதையாக நடத்துகிறான் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரே ஓர் எச்சரிக்கை: ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்பு வேலையை உத்தேசித்துச் சில ரயில்களை நிறுத்திவிடுவது வழக்கமாகையால் முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

கடற்கரை நிலையத்தில் இறங்கிப் பாரிமுனைப் பக்கம் நடந்தால், அரண்மனைக்காரன் தெரு என்று ஜனங்கள் வழங்கும் ஆர்மீனியன் தெருவில், பலகோடி ரூபாய் வியாபாரம் நடக்கும் கடைகளுக்கும் ஆபீசுகளுக்கும் நடுவே, 1772-இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம் இருக்கிறது. வாசலைத் தாண்டி உள்ளே அடி வைத்ததும் தெருவின் இரைச்சல் அடங்கிப்போய், நெருங்கிய மரநிழலும், பாதங்களுக்குக் கீழே ஆர்மீனிய எழுத்துக்கள் பொறித்த கல்லறைக் கற்களும், தனியே நிற்கும் மணிக்கூண்டும் மனத்தை வேறொரு நூற்றாண்டுக்கு இழுத்துச் சென்றுவிடுகின்றன. உலகத்திலேயே ஆர்மீனிய பாஷையில் வெளிவந்த முதல் பத்திரிகையான 'அஸ்தாரார்' 1794-இல் அச்சானது அந்த தேசத்தில் அல்ல, நம் சென்னையில். அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியான் இந்த மதிலுக்குள்தான் அடங்கியிருக்கிறார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே முதன்முதல் பாலம் கட்டிக் கொடுத்தவரும், பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவரும் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரியே. இத்தனை செய்த சமூகம் இன்றைக்கு இந்த ஊரில் இல்லை என்று சொல்லும்படி மறைந்துவிட்டது. அவர்கள் விட்டுச்சென்ற நிழலில் நாம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். பிற்பகலில் போனால் கதவு சாத்தியிருக்கக்கூடும். காலையிலேயே போய்விட வேண்டும்.

கோட்டைக்குள் 1680-இல் கட்டி முடித்த செயின்ட் மேரி தேவாலயமும் பக்கத்தில்தான் இருக்கிறது. ராபர்ட் கிளைவுக்குக் கலியாணம் நடந்தது அங்கேதான். சரித்திரப் பிரியர்கள் போகலாம். காவலர்களின் சோதனையைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதால், அரட்டையடிக்கும் உத்தேசத்தோடு வந்த கூட்டத்துக்கு அது அவ்வளவாக ஒத்துவராது.

மறுபடியும் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் பாந்தியன் சாலை அருங்காட்சியகம். பழைய சென்னைவாசிகள் இதற்குச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சிசாலைக்கு 'உயிர்க் காலேஜ்' என்றும் பெயர் வைத்திருந்தார்கள். காணும் பொங்கலன்று சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து கட்டுச்சோற்றோடு வருகிற ஜனங்கள் இந்த இரண்டு காலேஜையும் பார்த்துவிட்டுச் சமுத்திரக் கரையில் போய் உட்கார்ந்தால்தான் பட்டணம் பார்த்ததாக அர்த்தம். இவ்விரண்டு காலேஜுக்கும் பூர்வோத்தரம் ஒன்றே என்பது பலருக்குத் தெரியாது. 1851-இல் ஏற்பட்ட அருங்காட்சியகத்தின் முதல் அதிகாரியான எட்வர்டு பால்ஃபோர் என்ற டாக்டர், கல்லையும் எலும்பையும் பார்க்க மாத்திரம் ஜனங்கள் வந்துவிட மாட்டார்கள் என்று கண்டு, உயிருள்ள பிராணிகளையும் வளாகத்திலேயே கொண்டுவந்து வைத்தார். புலியைப் பார்க்க வந்த கூட்டம் போகிற போக்கில் மற்றவற்றையும் பார்த்துவிட்டுப் போயிற்று. அந்தப் பிராணிகள்தாம் பிற்பாடு சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்கும், அங்கிருந்து 1985-இல் வண்டலூருக்கும் குடிபெயர்ந்தன. சாமானிய ஜனங்களை உள்ளே வரவழைக்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு இருந்த கவலை, சிலைகளுக்குக் கீழே பல்லை உடைக்கும் பாஷையில் குறிப்பு எழுதி ஒட்டுகிறவர்களுக்கும் கொஞ்சம் இருந்தால் க்ஷேமமாயிருக்கும்.

பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் பல வருஷங்களாக 15 ரூபாய். காமிராவுக்கு அதைப்போல் பல மடங்கு வாங்குகிறார்கள். ஆகவே காமிராவை விட்டுவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டு போவதே இலாபம். உள்ளே எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று கட்டடம் கட்டடமாக ஓடுகிறவர்களுக்குக் கால்வலிதான் மிச்சம். வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தை மட்டும் பார்த்தால் போதும் என்பேன். அங்கே திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இருக்கிறார்கள். அர்த்தநாரீசுவரரை எதிரே நின்று பார்த்துவிட்டு, வலப்புறமும் இடப்புறமும் மெதுவாக நடந்து பார்த்தால், ஒரு பக்கம் புருஷனுடைய திண்மையும் மறுபக்கம் ஸ்திரீயினுடைய வளைவும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்று கண்டுபிடிக்க முடியாமல், சோழ நாட்டு ஸ்தபதியின் சாமர்த்தியத்தை எண்ணித் திகைத்து நிற்போம். இந்தச் சிலைதான் உயர்ந்தது, அந்தச் சிலைதான் உயர்ந்தது என்று எங்களுக்குள் நடந்த தர்க்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்த காவல்காரர் ஒருவர், தமக்குப் பிடித்த சிலை இன்னது என்று சொல்லி எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவர் ரசனை எங்கள் எல்லோருடைய ரசனையையும்விட மேலாக இருந்தது.

அமராவதி ஸ்தூபத்தின் சிற்பங்கள் இங்கே ஒரு பகுதியும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு பகுதியுமாகப் பிரிந்து கிடக்கின்றன. வளாகத்திலேயே 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புஸ்தகத்திலும் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நாலு நூலகங்களில் அது ஒன்று. புஸ்தகப் பைத்தியம் பிடித்த சிநேகிதன் எவனாவது கூட இருந்தால் அவனை அந்தப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போனால் சாயங்காலம்தான் திரும்புவான்.

மத்தியான்னச் சாப்பாட்டுக்கு வருவோம். மாநகராட்சி 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சாப்பாடு சுத்தமாகவும் சூடாகவும் இருக்கும். எங்களுடைய பொக்கிஷதாரர்கள் எல்லோருக்கும் இதில் ஒரு கண். ஆனாலும் இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. அது மூட்டை தூக்குகிறவர்களும், கட்டட வேலைக்கு வந்தவர்களும், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருப்பவர்களும் பசியாறுவதற்காக ஏற்பட்டது; விளையாட்டாகச் சிக்கனம் பிடிக்கிற நாம், வேறு வழியில்லாமல் சிக்கனம் பிடிக்கிறவர்களுக்கு முன்னால் வரிசையில் போய் நிற்பது நியாயமா? கூட்டம் இல்லாத வேளையானால் போய்ச் சாப்பிடலாம், வரிசை நீண்டிருந்தால் விலகிக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு சமரசம் செய்துகொண்டிருக்கிறோம். எல்லாவற்றையும்விடச் சிறந்தது கட்டுச்சோறுதான். புளியோதரையும் தயிர் சாதமும் மாவடுவுமாக ஒரு மரத்தடியில் வட்டமாய் உட்கார்ந்து சாப்பிடும் ருசிக்கு ஈடில்லை. அதைத் தாயாரோ மனைவியோ விடியற்காலையில் எழுந்து கிளறிக் கொடுத்துவிட்டால், 'சாப்பாட்டுச் செலவு: இல்லை' என்று எழுதுகிற கணக்கு பொய்க் கணக்கு, ஆகையால் கொண்டு வருகிறவனே கிளற வேண்டும் என்று விதித்திருக்கிறோம். அதனால் சில சமயம் புளியோதரை வாயில் வைக்க முடியாமல் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வெயில் சாய்கிறபோது பார்க் டவுனில் பறக்கும் ரயிலைப் பிடித்தால் திருவல்லிக்கேணி. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில், மகாகவி பாரதியார் தம் கடைசி நாட்களைக் கழித்து 1921 செப்டம்பரில் காலமான வீடு நினைவில்லமாக இருக்கிறது. கட்டணம் ஏதும் இல்லை. பெரிய வீடு என்று எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் அதன் எளிமையைக் கண்டு பேச்சற்றுப் போவார்கள். அங்கிருந்து சற்று நடந்தால், முன்னாளில் பைகிராப்ட்ஸ் ரோடாக இருந்து இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கும் பாரதி சாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய புத்தகங்கள் அதன் நடைபாதையில் கடைபரப்பி நிற்கும். மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையான பிறகு, பழம்புத்தகப் பிரியர்களுக்கு ஆறுதலாக எஞ்சியிருக்கும் இடங்களில் இது முக்கியமானது. தையல் பிரிந்த நாவல்களும், யாரோ யாருக்கோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கவிதைத் தொகுதிகளும், போட்டிப் பரீட்சை வழிகாட்டிகளும், காலங்கடந்த கம்ப்யூட்டர் பாடநூல்களும் கலந்து கிடக்கிற குவியலில் கை விட்டுத் துழாவுகிற சுகத்துக்கு விலையில்லை. எடுத்த புத்தகத்துக்கு விலை உண்டு. ஆசை முகத்தில் தெரிந்துவிட்டால் கடைக்காரர் இரட்டிப்பாகச் சொல்லுவார் என்பதால், வேண்டாத புத்தகம் ஒன்றை முதலில் எடுத்து விலை கேட்பது பழகிய கைகள் செய்யும் தந்திரம். பழகிய கடைக்காரர்களுக்கு அந்தத் தந்திரமும் தெரியும்.

பாரதி சாலை நேரே கொண்டுபோய் விடுவது மெரினாவில். 1880-களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் துரை இங்கே உலாவும் சாலை அமைத்து அந்தப் பெயரை வைத்தார். ஆனால் இன்று நாம் நடந்து நடந்து அலுத்துப்போகிற அந்த மணல்வெளியை அவர் அமைக்கவில்லை. ஒரு காலத்தில் அலை இப்போது சாலை இருக்கும் இடத்துக்கு வெகு சமீபத்தில் அடித்துக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பிய பிறகு, தெற்கிலிருந்து வடக்காக நீரோட்டம் இழுத்துச்செல்லும் மணல் அந்தச் சுவரில் தடைப்பட்டுத் தெற்கே தங்கித் தங்கி, இவ்வளவு விசாலமான கரை உண்டாயிற்று. அந்த மணல் வந்து சேராமல் போன வடக்கே, ராயபுரத்திலும் அதற்கு அப்பாலும், கடல் கரையைத் தின்று மீன் பிடிக்கும் ஜனங்களின் வீடுவாசல்களைக் கொண்டுபோயிற்று; கல் கொட்டித்தான் தடுத்து வைத்திருக்கிறார்கள். நமக்கு இனாமாகக் கிடைத்ததன் விலையை வடசென்னைக்காரர்கள் கொடுத்திருக்கிறார்கள் என்பதை மணலில் கால் நீட்டி உட்காரும்போது ஒரு கணமாவது நினைத்துக்கொள்ளலாம்.

மெரினாவில் பார்க்க வேண்டியது இன்னது என்று பட்டியல் போட நான் விரும்பவில்லை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் நிறுவிய உழைப்பாளர் சிலையை மட்டும் சுற்றி வந்து பார்க்கும்படி சொல்லுவேன். பாறையை நெம்பும் அந்த நாலு பேரின் முதுகுகளை எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கிறவர்கள் குறைவு. தொழிலாளர்களுக்கென்று இந்தியாவில் முதல் மே தினக் கூட்டத்தைச் சிங்காரவேலர் கூட்டியதும் இதே சென்னைக் கடற்கரையில், 1923-இல். அதற்கும் முன்னே, சுதேசி இயக்கக் காலத்தில், திலகர் கட்டத்து மணலில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்பதே திருவல்லிக்கேணிவாசிகளின் மாலைப் பொழுதுபோக்கு. அன்றும் இந்த மணலுக்குக் கட்டணம் இருந்ததில்லை. இருட்டும்வரை உட்கார்ந்து, தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டு, வேலை போன சிநேகிதன் தானாக வாய் திறந்து சொல்லுகிறவரை வேறு என்னென்னவோ பேசிக்கொண்டிருக்கலாம். எழுந்து போங்கள் என்று ஜாடை காட்ட இங்கே பில் புத்தகத்தோடு யாரும் வந்து நிற்க மாட்டார்கள். கடலில் மட்டும் இறங்க வேண்டாம். கால் நனைப்பதோடு நிற்பது உத்தமம். அலைக்கு அடியில் இழுப்பு அதிகம், வருஷந்தோறும் உயிர்ப்பலி வாங்குகிறது.

இரவுப் பலகாரத்துக்கு மறுபடியும் கடற்கரை நிலையத்துக்கே வந்துவிடுவது எங்கள் வழக்கம். பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி ஏற்பட்டு, வியாபாரங்களை அரசாங்கமே எடுத்துக்கொண்டபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பெட்டி படுக்கையோடு கப்பலேறி வந்து இந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969-இல் ஏற்பட்டதே பர்மா பஜார். அவர்கள் நாக்கில் கொண்டுவந்ததே அத்தோ. வெந்த நூடுல்ஸோடு முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பொரித்த வெங்காயம் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டுச் சூப்பும் வைப்பார்கள். சூப்பை எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுகிற கடைகள் உண்டு. பொக்கிஷதாரின் கையில் அந்த நேரத்துக்கு மிச்சமிருப்பதைப் பொறுத்து ஆளுக்கு ஒரு தட்டோ, இரண்டு பேருக்கு ஒரு தட்டோ.

மார்கழி மாதமானால் இந்தத் திட்டத்தை அப்படியே விட்டுவிட்டு மயிலாப்பூர்ப் பக்கம் போய்விடலாம். சபாக்களில் காலையிலும் பிற்பகலிலும் இளம் வித்துவான்கள் பாடும் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் இல்லை, காண்டீனில்தான் சற்று ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச்சு வரையிலான இரவுகளில், முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைக் காப்பதற்காக மாணவர்கள் முப்பது வருஷங்களுக்கு மேலாக நடத்திவரும் கரையோர நடைப் பிரயாணத்திலும் சேர்ந்துகொள்ளலாம். மற்ற மாதங்களில் மேலே சொன்ன வழியே போதுமானது. கையில் சில்லறையும், ஒரு போத்தல் தண்ணீரும், குடையும் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தோதுப்படாதவர்கள் வேறு எந்த நாளில் வேண்டுமானாலும் கிளம்பலாம், நடைபாதைப் புத்தகங்கள்தான் இருக்கமாட்டா. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.